தாத்தாவுக்கு நான் தேர்ந்தெடுத்த முகம்

நான் இதுவரை எழுதியவற்றிலேயே வாசகர்கள் மிகக் கவனமாகப் படித்தது மூன்று வரித் திருத்தம் ஒன்றைத்தான். குடிநீர் பற்றி ஒரு வாரம் தொடர் எழுதியிருக்கிறேன். கடல் அரிப்பு பற்றி முழுப் பக்கம் எழுதியிருக்கிறேன். ஒருவர்கூடக் கூப்பிட்டு நன்றாக இருந்தது என்றோ, குப்பை என்றோ சொன்னதில்லை. அந்த மூன்று வரி வெளியான அன்று காலை ஏழு மணிக்கு ஆரம்பித்த தொலைபேசி இரண்டு நாட்களுக்கு ஓயவில்லை. திருத்தத்தை எழுதியது நான். திருத்த வேண்டிய தவறைச் செய்ததும் நான். தவறு நடந்தது என் சொந்தத் தாத்தாவின் படத்திறப்பில்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராகச் சேர்ந்து நான்கு வருடங்கள் ஆகியிருந்தன. புகைப்படங்களுக்குக் கீழே பெயர் போடுவது என் பொறுப்பு. 'இடமிருந்து வலமாக' என்று தொடங்கும் வரிகளைத் தினம் குறைந்தது பத்து எழுதுவேன். ரத்ததான முகாமில் நிற்கும் பன்னிரண்டு பேரில் பொருளாளர் யார், துணைத் தலைவர் யார் என்று போன் போட்டுச் சரிபார்க்காமல் விடமாட்டேன். "என் மேசையைத் தாண்டி ஒரு தப்பான மூஞ்சி போனதில்லை" என்று அலுவலகத்தில் அடிக்கடி சொல்வேன் (யாரும் கேட்காமலேயே).

தாத்தா என்பது அம்மாவின் அப்பா, தணிகாசலம். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஊரில் இவர்களைச் 'சொல்தா' என்பார்கள். இருபது வயதில் கப்பலேறியவர் சைகோன், அல்ஜீரியா, ஜிபூத்தி, மார்செய் என்று பாதி உலகத்தைச் சுற்றிவிட்டு, நாற்பதைத் தாண்டிய பிறகு முத்தியால்பேட்டைக்குத் திரும்பினார். திரும்பியவர் அதன் பிறகு கடலூருக்குக்கூடப் போக மறுத்துவிட்டார். கேட்டால், "அந்த ஊர்த் தண்ணி நமக்கு ஒத்துக்காது" என்பார்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவரைப் பற்றி ஒரு ஞாயிறு கட்டுரை எழுத நினைத்துப் பேட்டி எடுத்தேன். நோட்டுப் புத்தகத்தோடு எதிரில் உட்கார்ந்து, "சைகோன் எப்படித் தாத்தா இருந்துச்சு?" என்றேன்.

"மழ. ரொட்டி நல்லாருக்கும்."

"அல்ஜீரியா?"

"மணலு. ரொட்டி நல்லாருக்கும்."

"மார்செய்?"

வெகு நேரம் யோசித்தார். "குளிரு" என்றார். நான் பேனாவை எடுத்துக்கொண்டு காத்திருந்தேன். "ரொட்டி அங்கயும் நல்லாத்தான் இருக்கும்."

கட்டுரை வெளிவரவில்லை.

ஆனால் பேசாமல் செய்யக்கூடிய காரியம் எதிலும் அவர் குறை வைத்ததில்லை. பள்ளிக்கூடம் விடுவதற்கு அரை மணி நேரம் முன்பே, தேய்த்த பேன்ட்டும் பாலிஷ் போட்ட ஷூவுமாக வாசலில் வந்து நிற்பார். மழை பெய்தால் எதிர்க்கடைக் கூரைக்குக் கீழே ஒதுங்கமாட்டார். நான் வெளியே வரும்போது முதல் பார்வைக்கே தெரிய வேண்டும் என்று வாசலுக்கு நேராகக் குடையோடு நிற்பார். நான் கல்லூரியில் சேர்ந்த முதல் நாள், காலாப்பட்டு வரை கூடவே பஸ்ஸில் வந்தார். நான் உள்ளே போனதைப் பார்த்துவிட்டு, வந்த பஸ்ஸிலேயே திரும்பினார். ஓய்வுக்குப் பின் அவர் செய்த மிக நீண்ட பயணம் அதுதான்.

எண்பத்து மூன்று வயதில், நான்கு மாதம் படுக்கையில் கிடந்து இறந்தார். காரியங்களைச் செய்ய அவர் மகன், என் மாமா, பிரான்சிலிருந்து வந்துகொண்டிருந்தார். பதினாறாம் நாள் காரியத்தோடு படத்திறப்பும் வைப்பது என்று முடிவானது. இறந்தவரின் படத்தைப் பெரிதாக்கி, துணியால் மூடி, மதிப்பான ஒருவரைக் கொண்டு திறந்து, நாலு பேர் பேசி, பிறகு சாப்பாடு. அந்தப் படம்தான் அதன் பிறகு காலத்துக்கும் கூடத்தில் தொங்கும்.

அங்கேதான் சிக்கல். தாத்தாவுக்குப் படமே இல்லை. அவர் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய புகைப்படங்கள் எல்லாம் ஒரு புயலில் ஓடு பறந்து, பெட்டியோடு நனைந்து, ஒன்றோடொன்று ஒட்டிப் போயிருந்தன. மிச்சம் இருந்தவை மூன்று. ஒன்று அடையாள அட்டைக்கு எடுத்தது. அதில் ஏதோ ஒரு வழக்கில் தேடப்படுகிறவர் போல இருந்தார். இரண்டாவது ஒரு கல்யாணப் பந்தியில் எடுத்தது. அப்பளம் பாதி வாய்க்குள் இருந்தது. மூன்றாவது கடைசி மாதம் போனில் எடுத்தது, மூக்கில் குழாயோடு.

அம்மா என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டுச் சொன்னார். "கலா, எங்கப்பாவ அந்தக் கொழாயோட மாட்டிடாதீங்கடி. தெனம் அத பாத்துக்கிட்டு என்னால இருக்க முடியாது. அவரு எளவயசுல எப்படி இருந்தாருன்னு எனக்கே தெரியாது. எங்கியாவது தேடு. பேப்பர்காரிதானே நீ?"

அம்மாவுக்கு உண்மையிலேயே தெரியாது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை விடுப்பில் வந்து போகிற அப்பா அவர். நிரந்தரமாக வந்து சேர்ந்தபோது அம்மாவுக்கு ஒன்பது வயது. அதற்குள் அவருக்கு முன்வழுக்கை விழுந்து, மீசை தடித்து, முகம் இறுகியிருந்தது. அம்மாவின் அப்பாவுக்கு இளமையே இல்லை. அதைக் கண்டுபிடித்துக் கொடுப்பது என் வேலை என்று ஆனது. எனக்கு உடம்பெல்லாம் பத்திரிகையாளர் ரத்தம் ஓட ஆரம்பித்தது.

கண்டுபிடித்தேன். தாத்தாவின் பழைய ராணுவச் சான்றிதழ்கள் இருந்த உறையின் அட்டைக்குள், அஞ்சலட்டை அளவில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் தப்பியிருந்தது. ஒரு சுவருக்கு முன்னால் ஐந்து சிப்பாய்கள் வரிசையாக நிற்கிறார்கள். எல்லாருக்கும் ஒரே உடை, ஒரே தொப்பி, ஒரே ஒல்லி. முகங்கள் கட்டைவிரல் நகம் அளவு. படத்தைத் திருப்பினேன். பின்பக்கம், தாத்தாவின் கையெழுத்தில், சீரான இடைவெளியில் ஐந்து குறிப்புகள். நான்கு பெயர்கள்; அவற்றை நான் நின்று படிக்கவில்லை. இடமிருந்து இரண்டாவதாக மட்டும் பெயர் இல்லை. 'இது நான்' என்று இருந்தது.

எழுத்துப்பூர்வமான ஆதாரம்! அதுவும் சம்பந்தப்பட்டவரே எழுதியது. படத்தை முன்பக்கம் திருப்பி, இடமிருந்து இரண்டாவது முகத்தைப் பார்த்தேன். நிமிர்ந்த தலை, நேரான பார்வை, கூர்மையான மூக்கு. ஐந்து பேரில் அவர்தான் லட்சணம். (என் தாத்தாவாயிற்றே.) வலமிருந்து இரண்டாவது ஆள் மட்டும் வரிசையைக் கெடுத்திருந்தார்; எல்லாரும் கேமராவைப் பார்க்க, அவர் தலையைப் பக்கவாட்டில் திருப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். அசைந்ததில் முகம் லேசாக மங்கியிருந்தது.

"பாரும்மா, இவுங்கள்லாம் எப்படி நிக்குறாங்க, இந்த ஆளு மட்டும் அப்பவே ஒழுங்கில்ல" என்று அம்மாவிடம் காட்டினேன்.

அம்மா அந்த ஆளைப் பார்க்கவில்லை. இரண்டாவது முகத்தையே கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். "மூக்கு வேற மாதிரி இருக்கேடி."

"வயசானா மூக்கு மாறும்மா."

"இவ்ளோ மாறுமா?"

"அம்மா, பின்னாடி எழுதியிருக்கு. ஆதாரம் இருக்கு."

என் அம்மா எட்டாவது வரை படித்தவர். நான் முதுகலை. ஆதாரம் என்ற சொல்லைக் கேட்டதும் அவர் அடங்கிவிட்டார். வெற்றி பெற்றதாக நினைத்துக்கொண்டேன்.

ஸ்டுடியோவில் பாபு அண்ணன் அந்த நகத்தளவு முகத்தைக் கணினியில் பெரிதாக்கிக்கொண்டே வந்தார். "நல்லா வந்திருக்கு. ஆனா எடது காதுல கீழ கொஞ்சம் கிழிஞ்ச மாதிரி இருக்கு பாரு. போட்டோ டேமேஜு. ஒட்டிடவா?"

"ஒட்டிடுங்கண்ணே" என்றேன். வலது காதைப் படியெடுத்து, திருப்பி, இடது பக்கம் ஒட்டினார். கச்சிதமாக இருந்தது.

'கண்ணீர் அஞ்சலி' என்று நான்கு பேனர்கள் அடித்தோம். ஒன்று மணிக்கூண்டு அருகில், ஒன்று எங்கள் தெருமுனையில், இரண்டு மெயின் ரோட்டில். பதினாறாம் நாள் காலை எங்கள் நாளிதழிலேயே கால் பக்க நினைவஞ்சலி விளம்பரம். எல்லாவற்றிலும் அதே முகம்.

துக்கம் கேட்க வந்த உறவினர்கள் பேனரைப் பார்த்துவிட்டு வந்து ஆளுக்கு ஒரு சாயலைக் கண்டுபிடித்தார்கள். தாத்தாவின் தங்கை, "எங்கண்ணன் எப்படி இருந்தாரு பாரு, ராசா மாதிரி" என்று அழுதார் (அவருக்குக் கண்புரை). பெரியம்மா ஒருவர் என் தாடையைப் பிடித்து, "அந்த நெத்திய பாருடி, அப்படியே ஒன் நெத்தி" என்றார். விமானத்தில் வந்திறங்கிய மாமா மணிக்கூண்டுக்கு அருகில் காரை நிறுத்தச் சொல்லி, பேனருக்கு முன்னால் செல்ஃபி எடுத்துக்கொண்டு, பிரெஞ்சும் தமிழுமாகச் சொன்னார். "அலோர், அப்பா ஹீரோ மாதிரி இருக்காருல்ல? என் பையனுக்கு இந்தத் தாடதான் வந்திருக்கு."

நான் தன்னடக்கத்தோடு தலைகுனிந்து நின்றேன்.

படத்தைத் திறக்க யாரைக் கூப்பிடுவது என்ற கேள்விக்கு ஒரே பதில்தான் இருந்தது. அந்துவான் தாத்தா. இவரும் தாத்தாவும் ஒரே கப்பலில் போனவர்கள். மூலக்குளத்தில் மகன் வீட்டில் இருந்தார். மாதம் ஒருமுறை ஆட்டோ பிடித்து எங்கள் வீட்டுக்கு வருவார். இருவரும் எதிரெதிரே இரண்டு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டுப் பிரிவார்கள். வலது காதுதான் கேட்கும் என்பதால் எப்போதும் வலது பக்கத்தையே எங்களுக்குக் காட்டிக்கொண்டு உட்காருவார். (இருபது வருடம் பார்த்த மனிதர். அவருடைய இடது காது எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டிருந்தால், கூர்ந்து நோக்கும் தொழிலில் இருந்த எனக்குத் தெரிந்திருக்காது.)

அன்று பதினோரு மணிக்குத் தெருவை அடைத்துப் போட்ட பந்தலில் நூற்றைம்பது பேர் இருந்தார்கள். அந்துவான் தாத்தா கோட்டு போட்டு, நெஞ்சில் ஐந்து பதக்கங்களோடு வந்து இறங்கினார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார். பதக்கம் குத்தினால் கண்ணாடி போடக் கூடாது என்பது அவர் கொள்கை. மாமா அவர் கையைப் பிடித்து அழைத்துப் போனார். அவர் மஞ்சள் துணியை இழுத்தார். இரண்டடி தள்ளி நின்று, கண்ணாடியில்லாத கண்களால் படத்தை நோக்கி ஒரு சல்யூட் அடித்தார். பெண்கள் பக்கம் அழுகை கிளம்பியது. அவரை முன்வரிசையில் நடு நாற்காலியில் உட்கார வைத்தார்கள்.

அடுத்து நான் பேச வேண்டும். இரண்டு நாட்களாக எழுதித் திருத்திய பேச்சு. ரொட்டி விஷயத்தைத் தவிர்த்துவிட்டு உலக வரைபடத்தையே விரித்திருந்தேன். மைக்கைப் பிடித்து, படத்தை நோக்கிக் கையை நீட்டினேன்.

"இந்தக் கண்களைப் பாருங்கள். இவை எத்தனை கடல்களைப் பார்த்த கண்கள்! இந்த நேரான பார்வை, பொய் அறியாத பார்வை. இந்தப் பார்வையின் நிழலில்தான் நான் வளர்ந்தேன்..."

முன்வரிசையில் அந்துவான் தாத்தா பைக்குள் கைவிட்டுக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். படத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டினார். எழுந்தார். மெதுவாகப் படத்தை நோக்கி நடந்தார். நட்பின் கனம் தாங்காமல் எழுந்துவிட்டார் என்று எனக்குப் புரிந்தது. பேச்சாளருக்குக் கிடைக்கக்கூடிய அரிய தருணம். குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

அவர் படத்தின் கண்ணாடியில் மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்தார். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பி, "இது நான்" என்றார்.

"பாவம்" என்று யாரோ விசும்பினார்கள். மாமா ஓடிப்போய் அவர் தோளைப் பிடித்தார். "ஆமாங்க, நீங்க வேற, அப்பா வேற இல்லீங்க."

நான் மைக்கில் சொன்னதை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. "ஒரு வீரனின் முகத்தில் இன்னொரு வீரன் தன்னையே காண்கிறான்!" என்றேன். இரண்டு பேர் கைதட்டினார்கள்.

"யோவ், விடுய்யா தோள" என்றார் அந்துவான் தாத்தா. "நெசமாவே இது நான்தான்யா. தணிகாசலம் இல்ல. நானு! அந்துவான்!" படத்தின் இடது காதில் விரலை வைத்தார். பிறகு தன்னுடைய இடது காதைப் பிடித்து, கூட்டத்துக்குத் தெரியும்படி பக்கவாட்டில் திரும்பினார். மடலின் கீழே ஒரு துண்டு இல்லை. "இந்தக் காத எவன்டா ஒட்டினது?"

பந்தலின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த பாபு அண்ணன் எழுந்து வெளியே போனதை நான் பார்த்தேன்.

"சண்டைல போச்சிங்களா?" என்று யாரோ பயபக்தியோடு கேட்டார்.

"சண்டையும் இல்ல, ஒண்ணும் இல்ல. எட்டு வயசுல ஆடு கடிச்சிது."

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. பந்தலின் ஒரு மூலையில் கிளம்பி, அடக்க முயன்று, அடங்காமல், சாவு வீட்டில் சிரிக்கக் கூடாது என்பதாலேயே இரண்டு மடங்காகி, தெரு முழுக்கப் பரவியது. சமையல்காரர்கள் கரண்டியோடு எட்டிப் பார்த்தார்கள். சிரிக்காதவர்கள் இரண்டு பேர். ஒன்று, மைக்கைப் பிடித்தபடி நின்ற நான். இன்னொன்று அம்மா.

அம்மா மாலையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். படத்துக்குப் போட வேண்டிய மாலை. ஸ்டுடியோவிலிருந்து படம் வந்த நாள் முதல் தினமும் காலையில் விளக்கேற்றி, அந்த முகத்தைப் பார்த்துத்தான் அழுதிருந்தார்.

"அப்ப எங்கப்பா எங்கடி?" என்றார்.

சத்தம் போட்டுக் கேட்கவில்லை. கூடையில் ஒரு பொருளைக் காணாமல் கேட்பது போலத்தான் கேட்டார். சிரிப்பு நின்றுவிட்டது.

நான் உள்ளே ஓடி மூலப் படத்தை எடுத்து வந்தேன். பின்பக்கத்தைக் காட்டி, "இங்க எழுதியிருக்கே, எடதுலேருந்து ரெண்டாவது" என்றேன். மாமா படத்தை வாங்கி முன்னும் பின்னும் திருப்பினார். பிறகு பந்தலுக்கு வெளியே போய், அதை வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்தார். பழைய தாள், மெல்லிய தாள். பின்பக்க எழுத்துகள் முன்பக்கத்தில் நிழலாகத் தெரிந்தன. தாத்தா வரிசையாக எழுதவில்லை. ஒவ்வொரு ஆளின் தலைக்கும் நேர் பின்னால் அவரவர் பெயரை எழுதியிருந்தார்.

பின்னாலிருந்து பார்த்தால் இடது, முன்னாலிருந்து பார்த்தால் வலது. ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்குத் தெரியும். நான்கு வருடங்களாக 'இடமிருந்து வலமாக' எழுதிச் சம்பளம் வாங்கியவளுக்குத் தெரியவில்லை.

'இது நான்' என்ற நிழல், வரிசையைக் கெடுத்து, பக்கவாட்டில் திரும்பிச் சிரித்துக்கொண்டிருந்த அந்த ஒழுங்கில்லாத ஆளின் தலைமேல் விழுந்திருந்தது.

அம்மா படத்தை வாங்கிக்கொண்டார். "இவரா?" என்றார். விரலால் தொட்டார். "இவரு சிரிக்கிறாரே?"

அந்துவான் தாத்தா வலது காதைத் திருப்பிக் கேட்டுவிட்டு அருகில் வந்தார். "போட்டோக்காரன் அசையாதீங்கன்னான். எனக்கும் இவனுக்கும் நடுவுல ஒரு காரைக்கால் பையன். நான் மெதுவா சொன்னேன், 'தணிகா, அஞ்சி பேருக்கும் ஒரே தொப்பி. உங்கம்மா ஒன்ன உட்டுட்டு என்ன எடுத்து செவுத்துல மாட்டப் போறாங்க பாரு'ன்னு. இவன் சிரிச்சிட்டான். போட்டோக்காரன்கிட்ட ரெண்டு பேரும் திட்டு வாங்கினோம். அப்புறம் அதுக்குத்தான் பின்னாடி பேரு எழுதி அனுப்பினான், ஊர்ல யாரும் மாத்திடக் கூடாதுன்னு."

இதை அவர் உண்மையாகவே சொன்னாரா, அல்லது அம்மாவின் முகத்தைப் பார்த்து அந்த இடத்திலேயே இட்டுக்கட்டினாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. ஒரே சாட்சி, வேறு ஆதாரம் இல்லை. பத்திரிகையில் என்றால் போடமாட்டேன். அம்மா அப்படியே நம்பினார். நானும் நம்புவதாக முடிவு செய்துகொண்டேன்.

நிகழ்ச்சி அத்தோடு நிற்கவில்லை, நிறுத்தவும் முடியாது, சாதம் வடித்தாகிவிட்டது. இரண்டடிக்கு மூன்றடிப் படத்தை இறக்கி உள்ளே வைத்துவிட்டு, அது இருந்த நாற்காலியில் ஒரு பித்தளைச் சொம்பைக் கவிழ்த்து, அதன்மேல் அஞ்சலட்டைப் படத்தைச் சாய்த்து வைத்தார்கள். மாலை அதைவிட ஆறு மடங்கு பெரிதாக இருந்ததால் ஒரு சாமந்திப் பூவை மட்டும் பிய்த்து அம்மா முன்னால் வைத்தார். நூற்றைம்பது பேர் வரிசையில் வந்து, நகத்தளவு முகத்தைக் குனிந்து தேடிக் கும்பிட்டார்கள். அந்துவான் தாத்தா நாற்காலிக்குப் பக்கத்தில் விறைப்பாக நின்று, ஒரு குச்சியால் சுட்டிக்காட்டிக்கொண்டே இருந்தார். "இவன். அங்க இல்லம்மா, அது நானு. இவன். இவன்தான்." ஒரு மணி நேரம் நின்றார். உட்காரச் சொன்னால் கேட்கவில்லை.

மறுநாள் திருத்தம் போட்டாக வேண்டும். நானே எழுதி ஆசிரியரிடம் கொண்டுபோனேன். அவர் சிரிக்காமல் படித்தார். "'அந்துவான் அவர்கள் நலமாக இருக்கிறார்'னு எழுதியிருக்கியே, எப்படித் தெரியும்? கேட்டியா?"

மூலக்குளத்துக்குப் போன் போட்டேன்.

"முட்டி வலி இருக்கு, சக்கர இருக்கு" என்றார் அந்துவான் தாத்தா. "நலமாகன்னு போடாத. இருக்கிறார்னு மட்டும் போடு."

அப்படியே போட்டேன். 'நேற்றைய நினைவஞ்சலி விளம்பரத்தில் வெளியானது, அமரர் தணிகாசலம் அவர்களின் நண்பர் அந்துவான் அவர்களின் புகைப்படம். அந்துவான் இருக்கிறார். தவறுக்கு வருந்துகிறோம்.'

ஆனாலும் மூலக்குளத்து வீட்டுக்கு ஒரு வாரம் வரை மாலையோடு ஆட்கள் வந்தார்களாம். அவரே கதவைத் திறந்து, மாலையை வாங்கிக்கொண்டு, காபி கொடுத்து அனுப்பியிருக்கிறார். பிரெஞ்சுப் பென்ஷன்காரர்கள் வருடத்துக்கு ஒருமுறை தாம் உயிரோடு இருப்பதற்கு அத்தாட்சி கொடுக்க வேண்டும். அந்த வருடம் அவர் எனக்குப் போன் செய்தார். "பேப்பர்ல சாவடிச்சவ நீ. நீயே கூட வந்து, இருக்கான்னு சொல்லு." போனேன். அடுத்த வருடமும் போனேன். நான்கு வருடங்கள் ஆட்டோவில் அவரைக் கூட்டிக்கொண்டு போய், வரிசையில் நின்று, அவர் இருக்கிறார் என்பதற்குச் சாட்சியாக நின்றேன். யாரும் என்னிடம் சாட்சி கேட்கவில்லை. வழி நெடுக இருவரும் பேசிக்கொள்ளமாட்டோம். திரும்பும்போது பேக்கரியில் நிறுத்தி எனக்கு ஒரு ரொட்டி வாங்கித் தருவார்.

பெரிய படத்தை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். "நல்லாத்தான்டி இருக்கேன்" என்று. எங்கள் கூடத்தில் இப்போது தொங்குவது, பாபு அண்ணன் எந்தத் திருத்தமும் செய்யாமல் பெரிதாக்கிக் கொடுத்த மங்கலான முகம். பக்கவாட்டில் திரும்பியிருக்கும். கண் பாதி மூடியிருக்கும். "மங்கலா இருந்தா என்னா? சிரிக்கிறாரு" என்று சொல்லி அம்மா அதைத்தான் மாட்டச் சொன்னார். காலையில் விளக்கேற்றிவிட்டு அந்தச் சிரிப்பைப் பார்த்து அம்மாவும் லேசாகச் சிரிப்பதை நான் பார்த்திருக்கிறேன், பார்த்ததாகக் காட்டிக்கொள்ளமாட்டேன்.

ஐந்தாவது வருடம் அத்தாட்சிக்குப் போக வேண்டிய மாதத்துக்கு முன்பே அந்துவான் தாத்தா இறந்துபோனார். அம்மாவும் நானும் போனோம். பெட்டிக்குத் தலைமாட்டில், மெழுகுவர்த்திகளுக்கு நடுவே, அந்தப் பெரிய படத்தை வைத்திருந்தார்கள். வீட்டில் அவருக்கு இருந்த படங்களிலேயே அதுதான் நன்றாக இருந்ததாம்.

முத்தியால்பேட்டையிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர் என் பக்கத்தில் நின்று, படத்தை நெடுநேரம் பார்த்தார். எங்கேயோ பார்த்த முகம் என்று யோசிப்பது தெரிந்தது. பிறகு நினைவுக்கு வந்துவிட்ட நிம்மதியோடு என் பக்கம் சாய்ந்து சொன்னார்.

"நல்ல மனுசரும்மா. இவருக்குப் போன தடவையும் நான் வந்திருந்தேன்."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார். திருத்துவது என் தொழில். வாயைத் திறந்தேன். பெரியவர் அவ்வளவு உருக்கமாகக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். மூடிக்கொண்டேன்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எது இரண்டாம் முறை நடந்தாலும் இதைத்தான் சொல்கிறோம். மாமா பையனுக்கு இரண்டாவது கல்யாணம் என்று பாரீசிலிருந்து பத்திரிகை வந்தபோது, அம்மா அதை ஒருமுறை படித்துவிட்டு மேசைமேல் வைத்தார். பிறகு மிகுந்த மரியாதையோடு சொன்னார்: "இவருக்குப் போன தடவையும் நான் வந்திருந்தேன்."